நீராவிக்கு முறை வைத்த வீடு

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்த காலம் முழுவதும் ஒரே பாய்லரில்தான் குளிர் காய்ந்தார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

மெல்பேர்னின் ஓரத்தில் ‘த பேசின்’ என்கிற ஊரில், பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட, மலை ஏறத் தொடங்கும் தெருவில் அந்த வீடு இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருந்த நாளில் சேர்ந்து வாங்கியது. பனி கொட்டும் நாடு ஒன்றிலிருந்து வந்த எந்தப் பணக்காரரோ முன்னொரு காலத்தில் கட்டியிருக்க வேண்டும். மெல்பேர்னில் வேறு யார் வீட்டிலும் நான் காணாத ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை, அதற்குள் ஓர் ஆனைக்குட்டி அளவில் இரும்புப் பாய்லர். அது தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியைக் குழாய்களில் ஏற்றிவிடும். நீராவி அறை அறையாகப் போய், ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கும். சூடாக்குமுன் அந்த ரேடியேட்டர்கள் செய்கிற அட்டகாசம் இருக்கிறதே! முதலில் இருமும், பிறகு சீறும், பிறகு யாரோ சுத்தியலால் தட்டுவது போல டங் டங் என்று சத்தம் போடும். முதல்முறை வந்த விருந்தாளிகள் எழுந்து வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கலியாணக் கார்ட். அப்பாவின் தங்கையான எங்கள் மாமிக்குச் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் கலியாணம். தாய் தகப்பன் இல்லாத குடும்பம் என்பதால் மூத்த அண்ணனின் பெயர்தான் கார்டில் மேலே நிற்க வேண்டும். கார்ட் அடிக்கும் பொறுப்பு அப்பாவுடையது. அடித்து வந்த கார்டில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, பெரியப்பாவின் பெயர் எங்கேயுமே இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்றார் அப்பா. அச்சடித்தவனுக்கும் எனக்கும் என்ன பகை என்று கேட்டார் பெரியப்பா. மாமிக்குக் கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்து அது தவழவும் தொடங்கிவிட்டது, இவர்களுக்குக் கார்ட் மட்டும் முடியவில்லை.

நடுக்கூடத்தில் ஒரு பலகைச் சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சமைக்கிற குசினியும் வாசலும் இரண்டாயின. பாய்லரை மட்டும் நடுவால் பிளக்க முடியவில்லை. கடைசியில் ஊரில் ஒரு கிணற்றைப் பல காணிக்காரர் முறை வைத்து இறைப்பது போல நீராவிக்கும் முறை வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி எங்களுக்கு. செவ்வாய், வியாழன், சனி அவர்களுக்கு. ஞாயிறு பொதுநாள். சனிக்கிழமையை அண்ணன் அமுக்கிவிட்டார் என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது.

நிலவறையில் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு வால்வு இருந்தது, சக்கரம் போல் கைபிடி வைத்தது. முறை மாறும் பின்னேரம் ஒருவர் தன் பக்க வால்வைப் பூட்ட, மற்றவர் தன் பக்கத்தைத் திறக்க வேண்டும். கதைக்காத இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு குறுகிய நிலவறைக்குள் போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆகவே அந்த உத்தியோகம் எங்களுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது, பெரியப்பாவின் மகளான அக்காவுக்குப் பன்னிரண்டு.

எங்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்! மேலே எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, அதாவது இருக்கக் கூடாது. கீழே நிலவறையில் யார் பார்க்கிறார்கள்? சக்கரத்தைத் திருக ஒரு நிமிடம் போதும். நாங்கள் அரை மணித்தியாலம் எடுப்போம். பாய்லரின் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாக்லேட் தின்போம், பள்ளிக்கூடப் புதினம் கதைப்போம். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், சக்கரம் இறுகிப்போச்சு என்போம்.

இனித்தான் விஷயம். எங்கள் முறை இல்லாத நாளிலும் எங்கள் ரேடியேட்டர் சுட்டது. மிதமாக அல்ல, தொட்டால் கை சிவக்கிற சூடு. நான் என் கையாலேயே வால்வைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். முதல்நாள் அப்பாவிடம் சொன்னபோது, அது நேற்றைய மிச்சச் சூடு என்றார். நேற்றைய மிச்சத்தில் அம்மா அன்று இரவு சொக்ஸ் எல்லாம் காயப்போட்டார். பலகைச் சுவர் மெல்லியது என்பதால் அப்பா அந்தப் பக்கம் கேட்கும்படி, “என்ன குளிரப்பா, என்ன குளிர்!” என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு மஃப்ளரால் கழுத்து வியர்வையைத் துடைப்பார். சுவருக்கு அப்பாலிருந்து அவர்களுடைய குளிர்நாட்களில் பெரியப்பா பல்லைக் கடகடவென்று அடிக்கும் சத்தமும் எங்களுக்குக் கேட்டிருக்கிறது. பொய்ப்பல் வைத்திருந்தவர், கழற்றிக் கையில் வைத்து அடித்தாரோ என்னவோ.

ஒருநாள் அப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது. “இஞ்சேரும், அண்ணைதான் ஒருத்தருக்கும் தெரியாமல் கீழை போய் எங்கட பக்கத்தைத் திறந்து விடுறார் போல.” மறுநாள் இதை நிலவறையில் அக்காவிடம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். அவர்கள் வீட்டிலும் அதே கதையாம், தம்பிதான் வந்து திறந்து விடுகிறான் என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னாராம்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளனைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பின்னேரம் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். யாரும் வரவில்லை. சட்டையெல்லாம் கரி பிடித்து இரண்டு பேருக்கும் அடிதான் விழுந்தது. நாங்கள் ஒளிந்ததை மோப்பம் பிடித்துவிட்டார்கள், வேறு நேரம் பார்த்து வருகிறார்கள் என்று அக்கா முடிவு சொன்னாள். அக்கா சொன்னால் சரிதான். அன்றிலிருந்து எங்கள் இரண்டு தகப்பன்மாரும் எனக்குப் பெரிய வீரர்களாகத் தெரிந்தார்கள்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் அந்த யூன் மாதத்தில் பாய்லர் செத்துப்போனது. நிலவறைத் தரை முழுக்கத் தண்ணீர், வயிற்றில் பெரிய வெடிப்பு. இம்முறை வீடு நிஜமாகவே குளிர்ந்தது. அப்பா “என்ன குளிர்” என்று சொல்வதையே விட்டுவிட்டார்.

பழைய நீராவி வேலை தெரிந்த ஒரு பிளம்பரைத் தேடிப் பிடித்தார்கள். வந்தவர் ஒரு பெண். வாசலில் நின்று பேசினால் கோயில்வரை கேட்கும் குரல், எங்கள் எல்லாரையும் “டார்லிங்” என்று கூப்பிடும் பழக்கம். பெரியப்பாவையும் டார்லிங் என்றார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நிலவறையில் பிளம்பர் நடுவில் நின்றார், அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். நானும் அக்காவும் படியில். இனி நடந்தது எல்லாம் ஆங்கிலத்தில். “வயர் எல்லாம் பழசு, கவனம் என்று அந்தக் கனவானிடம் சொல்லுங்கள்” என்றார் அப்பா. “அது எனக்கு முன்னமே தெரியும் என்று இந்தக் கனவானுக்குத் தெரிவியுங்கள்” என்றார் பெரியப்பா. இருவருக்கும் இடையில் ஒரு முழம் தூரம்கூட இல்லை. பிளம்பர் அங்கும் இங்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கழுத்துச் சுளுக்கினால் அதற்கும் சேர்த்துத்தான் பில் போடுவேன் என்றார்.

பிறகு அவர் வழி இரண்டு சொன்னார். முழு வீட்டுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரே பாய்லர் போடலாம். இல்லையென்றால் குழாயெல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகக் கரண்ட் ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம். நிலவறையை மூடிவிடலாம்.

“தனித்தனி” என்றார் அப்பா. “தனித்தனி” என்றார் பெரியப்பா. அந்த வீட்டில் அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

நிலவறை போனால் அக்கா போய்விடுவாள், அவ்வளவுதான் கணக்கு. அக்கா அழவில்லை, அவள் அழுகிற ஆள் இல்லை. என் கையைப் பிடித்து நசுக்கினாள். அன்று இரவு நான் சாப்பிட மாட்டேன் என்று உண்ணாவிரதம் அறிவித்தேன். அம்மா பேசாமல் புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பை வைத்து, எனக்கு முன்னாலேயே சாப்பிட உட்கார்ந்தார். என் விரதம் அந்த வாசனைக்குமேல் தாக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டின் நடுவில் அம்மா, அப்பாவைப் பார்க்காமலே ஒன்று சொன்னார். “உவ்வளவு நாளும் சொல்லாமல் கொள்ளாமல் எங்களுக்குச் சூடு தந்த மனிசன். அவரை விட்டிட்டு நாங்கள் தனியாய்க் காய்ஞ்சால் அது நல்லாயிருக்குமோ?” அப்பா குழம்பை ஊற்றிப் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

காலையில் பிளம்பருக்குப் போன் எடுத்து, ஒரே பாய்லராகவே போடுங்கள் என்றார். மறுபக்கத்தில் பிளம்பர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. மற்றக் கனவான் விடியவே எடுத்து அதையே சொல்லிவிட்டாராம்! நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். சுவருக்கு அப்பாலும் யாரோ கட்டிலில் குதிக்கும் சத்தம் கேட்டது. ஆனால் இருவரும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வால்வு இரண்டும் புதிதாக, உறுதியானதாகப் போட வேண்டும். பாய்லர் ஒன்றாக இருக்கலாம், முறை முறைதான்.

வேலை நடந்த நாள் பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு திருவிழா வந்ததில்லை. பிளம்பரின் ஆட்கள் பழைய பாய்லரைப் பெரிய சுத்தியலால் உடைத்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் வீடே அதிர்ந்தது, நாங்கள் ஒவ்வோர் அடிக்கும் கத்தினோம். உடைந்த துண்டுகளைச் சங்கிலி கட்டி மேலே இழுத்து, வாசலில் நின்ற பெரிய இரும்புக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார்கள். தெருவே கூடிவிட்டது. அம்மா எங்கள் குசினியிலிருந்து உளுந்து வடை அனுப்பினார். பெரியம்மா சும்மா இருப்பாரா? அந்தக் குசினியிலிருந்து உள்ளே கிழங்கு வைத்துப் பொரித்த ரோல்ஸ் சுடச்சுட வந்தது. வேலைக்காரர்கள் கட்சி சாராமல் இரண்டையும் தின்றார்கள்.

புதுப் பாய்லர் ட்ரெய்லரில் வந்து இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் சப்பென்று போனது. ஆனை இருந்த இடத்துக்கு ஆட்டுக்குட்டி வந்த மாதிரி ஒரு ஃப்ரிட்ஜ் அளவுதான் இருந்தது. ஆனாலும் சிவப்பு நிறம், பளபளப்பு. பெரியம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து அதற்குப் பொட்டு வைத்தார். அவர் போனதும் அம்மா வந்து பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தார். புதுக்கார் வாங்கினால் செய்வது போல முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. இது எந்த ஊர் வழக்கம் என்று பிளம்பர் கேட்டார். எங்கள் ஊரில் பாய்லரே இல்லை என்று அக்கா உண்மையைச் சொன்னாள்.

பாய்லர் கீழே இறங்கக் காத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. பிளம்பர் பழைய வால்வுகள் இரண்டையும் வெட்டி எடுத்து, எங்களை நிலவறைக்குள் கூப்பிட்டார். ஒரு வால்வின் சக்கரத்தைக் கடைசிவரை திருகி இறுக்கிப் பூட்டினார். பூட்டிவிட்டு அதைத் தன் கண்ணில் வைத்து, “என்னைத் தெரிகிறதா, டார்லிங்?” என்றார். தெரிந்தது! வால்வுக்கு அந்தப் பக்கம் ஒரு நீலக் கண் எங்களைப் பார்த்துச் சிமிட்டியது.

பூட்டினால் உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை அடைக்க வேண்டுமாம். இந்த இரண்டிலும் அந்தத் தகடு அரித்துப்போய், நாங்கள் பிறப்பதற்கு முன்பே காணாமல் போய்விட்டதாம். நீங்கள் திருகினாலும் ஒன்றுதான், திருகாவிட்டாலும் ஒன்றுதான், நீராவி எல்லா நாளும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் மேலே போனார்.

நானும் அக்காவும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் யாரும் யாருக்கும் திறந்து விடவில்லை. பெரியப்பா இறங்கி வரவில்லை, அப்பாவும் இறங்கி வரவில்லை. அவர்கள் ஒரே பாய்லருக்குச் சம்மதித்ததே அந்த ஒரு நம்பிக்கையில்தான். இது தெரியவந்தால் மறுபடியும் தனித்தனி. பாய்லரோ இன்னும் ட்ரெய்லர் பக்கத்தில் நிற்கிறது, திருப்பி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

“வாயைத் திறந்தியோ, கொன்றுபோடுவன்” என்றாள் அக்கா. “அப்பாமார் காணமுதல் குப்பையில போடோணும். தூக்கு!”

ஆளுக்கொன்றாகத் தூக்கினோம். அப்பப்பா, அந்தக் கனம்! என் ஸ்வெட்டரைக் கழற்றி என் வால்வைச் சுற்றிக்கொண்டு, வயிற்றோடு அணைத்தபடி படியேறினேன். வாசலைத் தாண்டிக் குப்பைத்தொட்டியடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்னும் ஒரு தம் பிடித்துத் தூக்கிப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அப்பா வந்து நின்றார்.

“என்ன பிள்ளை அது?” என்று கேட்டு, ஸ்வெட்டரோடு வாங்கிக்கொண்டார். தொட்டியின் மற்றப் பக்கத்தில் பெரியப்பா அக்காவிடமிருந்து மற்ற வால்வை வாங்குவது தெரிந்தது. அப்பா சக்கரத்தைத் திருகினார், இனித் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினார். பிறகு வால்வை உயர்த்தி அதற்குள்ளால் பார்த்தார். பெரியப்பாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே செய்தார். எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, எனக்கு ஒரு வருடம் போலிருந்தது.

பிறகு அப்பா வால்வைத் தொட்டிக்குள் போட்டார். டங் என்றது. பெரியப்பாவும் போட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பா கணக்காளர், பெரியப்பா மருந்துக்கடை நடத்துபவர். இரும்புச் சாமானைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? தப்பினோம் பிள்ளையாரே என்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

உள்ளேயிருந்து பிளம்பர் புதிய வால்வுகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இவற்றை எந்த இடத்தில் பொருத்துவது என்று கேட்டார். அப்பா தொட்டிக்கு அப்பால் பார்த்து, தமிழில் கேட்டார்.

“அண்ணை, உங்களுக்கு வால்வு வேணுமோ?”

அக்கா என் கையைப் பிடித்தாள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“உனக்கு வேணுமெண்டால் போடு.”

“எனக்கெதுக்கு?”

“அப்ப எனக்கும் எதுக்கு?”

அவ்வளவுதான். பிளம்பருக்கு எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. வால்வுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பின்னேரம் புதுப் பாய்லரை மூட்டினார்கள். நாங்கள் வீட்டுக்குள் ஓடினோம், ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் ஓடினோம். எங்கள் பக்கம் இருமியது, அவர்கள் பக்கம் சீறியது. “வந்திட்டுது! இஞ்சை வந்திட்டுது!” என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்த, “இஞ்சையும்!” என்று அக்கா அந்தப் பக்கமிருந்து கத்தினாள். எந்த ரேடியேட்டர் முதலில் சுடும் என்று பந்தயம் கட்டி, கையை வைத்து, சுட்டுக்கொண்டு, மறுபடியும் ஓடினோம். கத்தாதே என்று அன்று ஒருவரும் எங்களைச் சொல்லவில்லை.

அன்று சாப்பாடு பெரியம்மா வீட்டில். அம்மா வடைச்சட்டியோடு தோட்டத்தால் சுற்றிப் போனார், நானும் அப்பாவும் பின்னால். எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கதிரைகள் போதாததால் அக்காவும் நானும் ஒரே கதிரையில் நெருக்கி உட்கார்ந்தோம். பெரியம்மா பரிமாறினார். பிறகு அப்பா எங்கள் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையள், உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. எங்கட முறை இல்லாத நாளிலயும் பெரியப்பா ஒவ்வொரு முறையும் கீழை இறங்கிப் போய் எங்கட வால்வைத் திறந்து விடுறவர். உந்த முழங்கால் நோவோட, அந்தக் குளிருக்குள்ள.”

பெரியப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்.

“இவன் மட்டும் என்னவாம்? எங்களுக்குத் திறந்து விட்டவன்தானே. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவன்.”

பெரியம்மா கண்ணைத் துடைத்தார். அம்மா எழுந்து தேவையில்லாமல் எல்லாருக்கும் தண்ணீர் வார்த்தார். மேசைக்குக் கீழே அக்கா என்னை உதைத்தாள். சிரிப்பை அடக்கப் போய் எனக்குத் தண்ணீர் மூக்கால் வந்தது. அதற்குமேல் முடியவில்லை. இரண்டு பேரும் எழுந்து தோட்டத்துக்கு ஓடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்து சிரித்தோம்.

அந்த வால்வுகளின் சக்கரத்தைக் கடைசிவரை திருகிவிட்டு இருவரும் உள்ளால் பார்த்ததை நாங்கள் எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம். பார்த்தும் அவர்களுக்கு என்ன விளங்கியது?

“பாவங்கள்” என்றாள் அக்கா, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. “உவைக்கு ஒண்டுமே தெரியாது.”

ஓம், பாவங்கள், ஒன்றுமே தெரியாது என்று நானும் தலையாட்டினேன்.